எலும்பு அலமாரியின் முன்னால் ஒரு மெழுகுவர்த்தி

அறுபதுகளில் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். மியூசியம் என் பொறுப்பு. கல்கத்தாவிலிருந்து பெட்டியில் வந்த எலும்புகளைக் கம்பியில் கோத்து முழு மனிதனாக நிறுத்தியவள் நான். விரல் எலும்பு ஒன்றைக் கையில் கொடுத்தால் போதும், எந்த விரல் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லையென்றால் பொய்.

கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு கைக்குழந்தையின் எலும்புக்கூடு இருந்தது. ஒரு நவம்பர் காலை அலமாரிக்கு முன்னால் தரையில் மெழுகு உருகிக் கிடந்தது. கையெட்டும் தூரத்தில், சட்டென்று தீப்பற்றும் ஸ்பிரிட் ஜாடிகள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்னைத் தவிர சாவி வைத்திருந்தது, அறையைப் பெருக்க இரும்புலியூரிலிருந்து வரும் ஆயா மட்டும்தான். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் புரொபசருக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் அவளை வேலையை விட்டு நிறுத்தப்போவதாகப் பேச்சு.

அதற்குப் பிறகுதான் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன் ஆயா, காலேஜையே கொளுத்தப் பாத்தியா?"

"நேத்து கல்லறைத் திருநாள் மிஸ். அல்லாரும் கல்லறைக்கு வெள்ளையடிச்சி, பூ போட்டு, மெழுகுவத்தி ஏத்திகினு இருந்தாங்க. எம் புள்ள ஞானஸ்நானம் குடுக்கறதுக்குள்ள செத்துப் பூட்டான். கல்லறைத் தோட்டத்துக்கு உள்ள பொதைக்கக் கூடாதுன்னு செவுத்துக்கு அந்தாண்ட பொதைச்சாங்க. இப்ப எடமே தெர்ல. நான் எங்க போயி ஏத்துவேன்? இந்தப் புள்ளைக்கும்தான் யாரு கீறாங்க?"

வெட்கமாக இருந்தது. நானும் தினமும் அந்தக் குழந்தையைப் பார்த்தவள்தான்; தூசி இருக்கிறதா என்று.

நேரே புரொபசர் அறைக்குப் போனேன். "தப்பு என்னுது சார். ஸ்பிரிட் ஜாடிகளைத் தனி ரூம்ல வைக்கணும்னு நீங்க சொல்லியும் நான்தான் வைக்கலை. அந்தப் புகாரைத் திருப்பிக் கொடுங்க. அவளை நிறுத்தறதுன்னா என்னையும் நிறுத்துங்க."

ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அன்றைக்கே ஆயாவும் நானும் ஜாடிகளையெல்லாம் அடுத்த அறைக்குத் தூக்கினோம். அடுத்த வருஷம் அவள் பயமில்லாமல் ஏற்றலாம். கை அலம்பும்போது, "உன் பையன் பேர் என்ன ஆயா?" என்று கேட்டேன்.

"ஞானஸ்நானத்துலதான மிஸ் பேரு வெப்பாங்க," என்றாள்.