ஆணியில் மஞ்சள் பட்டன்

"அசையாத, கத்திரி பட்டுடும்" என்று குண்டூசியைப் பல்லில் கடித்தபடியே மிரட்டி, எதிரே நிற்கும் சிறுமியின் சட்டையிலிருந்து ஒரு பட்டனை வெட்டி எடுக்கிறாள் பட்டன் அக்கா. அதை நூலில் கோத்துச் சுவர் ஆணியில் மாட்டுகிறாள். பிறகுதான் சிறுமியின் கைக்குக் கதைப் புத்தகம் வருகிறது.

மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மெஷினும் ஒரு மேசையும் கொள்ளுமளவே இடம். பெரியதைச் சின்னதாக்குவதும் கிழிந்ததை ஒட்டுப்போடுவதும் தொழில். மெஷினுக்குப் பின்னால் அலமாரி நிறையப் புத்தகங்கள். வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து கழித்துவிட்டவை. வெட்டி மிஞ்சிய துணியில் அவளே அட்டை தைத்திருக்கிறாள்.

நோட்டு, கையெழுத்து எதுவும் கிடையாது. "எழுதி வச்சா மறந்துடும். சட்டை திறந்து கிடந்தா மறக்குமா?" ஒருவருக்கு ஒரு புத்தகம், அதற்கு ஒரு பட்டன். அழுது புரண்டாலும் இரண்டாவது கிடையாது. திருப்பித் தந்தால், பிள்ளையை எதிரே நிற்கவைத்து, போட்டிருக்கும் சட்டையிலேயே தைத்துவிடுவாள்.

"பாதிப் பிள்ளைங்க ஊக்கு குத்திக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகுது" என்று தாய்மார்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

"சீக்கிரம் படிக்கச் சொல்லுங்க" என்பாள், தலை நிமிராமல்.

கடைசி ஆணியில் மட்டும் ஒரு மஞ்சள் பட்டன் ஏழு வாரமாகத் தொங்குகிறது. காணாமல்போன நாய்க்குட்டிக் கதையின் முதல் பாகத்தை எடுத்துப்போன எட்டு வயதுக்காரியுடையது. அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று காதில் விழுந்த நாள் முதல், கடை திறந்ததும் அக்கா அந்தப் பட்டனைத் துடைக்கிறாள். அந்தப் புத்தகம் எப்போது வரும் என்று கேட்கும் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறாள். அவளுக்குப் பயம். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்று மதியம் அந்தப் பிள்ளையின் அம்மா வந்தாள். மேசைமேல் புத்தகத்தை வைத்தாள். அதன்மேல் மடித்த மஞ்சள் கவுன்.

"நாளைக்குக் காலையில ஆபரேஷன்க்கா. இதயத்துல. டாக்டர் எதையும் உறுதியா சொல்ல மாட்டேங்குறார். உங்க புத்தகம் எங்ககிட்டயே நின்னுடக் கூடாதுல்ல... அந்தப் பட்டனைத் தச்சுக் குடுத்துடுங்க."

"படிச்சு முடிச்சாளா?"

"மூணு தடவை. நாய்க்குட்டி வீடு வந்து சேந்துச்சா இல்லையான்னு கேட்டுக் கேட்டு உசுரை வாங்குறா." சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை தாய்க்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா கவுனை விரித்துப் பார்த்தாள். பட்டன் இருந்த இடத்தில் பழைய நூல் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஆள் இல்லாத சட்டையில நான் தைக்கிறதில்லம்மா."

குரல் வழக்கம்போலக் கறாராகத்தான் இருந்தது. ஆனால் எழுந்து அலமாரியின் மேல் தட்டில் துழாவி இரண்டாம் பாகத்தை எடுத்தாள். இரண்டு புத்தகங்களையும் ஒன்றாக அடுக்கித் தாயின் கையில் திணித்தாள்.

"ரெண்டையும் அவளே கொண்டுவந்து குடுக்கட்டும். இந்தக் கவுனைப் போட்டுக்கிட்டு வரச் சொல்லு."

அக்கா கத்திரியை எடுத்தாள். கவுனிலிருந்து இன்னொரு மஞ்சள் பட்டனை வெட்டி, நூலில் கோத்து, அதே ஆணியில் முதல் பட்டனுக்குப் பக்கத்தில் மாட்டினாள்.