மூன்று மங்கள வார்த்தை

சிலுவைமுத்து அண்ணன் மூட்டை எண்ணுகிற அழகை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. திருவொற்றியூர் தீவன குடோனில் நான் ஸ்டாக் கிளார்க்காகச் சேர்ந்த முதல் வாரம். லாரி நிற்கிறது, லோடு ஆட்கள் மூட்டையோடு ஓடுகிறார்கள், எண்ண வேண்டிய இந்த மனுஷன் கதவோரம் நின்று வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். இடது கை சட்டைப் பைக்குள், வலது கையில் சாக்பீஸ்.

"அண்ணே, எண்ணுதியளா, தூங்குதியளா?" என்று கேட்டுவிட்டேன். நான் தூத்துக்குடிக்காரி. வாயை அடக்கிப் பழக்கமில்லை.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்தாவது மூட்டை வாசலைத் தாண்டியதும் சுவரில் ஒரு கோடு போட்டார். லோடு ஆள் பாஸ்கர்தான் எனக்கு விளக்கினான். "பாக்கெட்டுல ஜெபமாலை கீதும்மா. மூட்டைக்கு ஒரு மணி, மணிக்கு ஒரு மங்கள வார்த்தை, அதான் மாதா ஜெபம். பத்து ஆச்சின்னா ஒரு கோடு. நைனா கணக்கு மட்டும் தப்பவே தப்பாது."

அப்படித்தான் நடந்தது அந்த வேலை. பத்து சின்ன மணி முடிந்து பெரிய மணி விரலில் பட்டால், கோடு போட்டுவிட்டுப் பரலோக மந்திரம் என்கிற ஜெபத்தைச் சொல்வார். அது முடிகிறவரை அடுத்த மூட்டை நகராது. ஆட்கள் அந்த அரை நிமிஷத்தில் வேர்வையைத் துடைத்துக்கொள்வார்கள், யாராவது ஒரு கேலி சொல்வார்கள். ராயபுரம் மாதா கோயிலில் சின்ன வயதிலிருந்து சொன்ன ஜெபம், பஸ் கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்கிற மாதிரி அவர் வாயில் ஓடும். ஒருநாள் நானே கேட்டேன், இப்படி அவசரமாகச் சொன்னால் சாமிக்குப் புரியுமா என்று.

"இன்னா பண்றது செல்விம்மா. காலைல ஆறு மணிக்கு வூட்ட வுட்டு வந்தா ராத்திரிதான் போறேன். எனக்கு இருக்குற டைம் இதான்னு மாதாவுக்குத் தெரியாதா?"

இருபத்திரண்டு வருஷம் அப்படி எண்ணியிருக்கிறார். ஒரு மூட்டை முன்னே பின்னே போனதாகப் பேச்சே இல்லை. இப்போது நான் வேலை பார்க்கிற இடத்தில் மூட்டைக்கு மூட்டை ஒரு மிஷின் கீச் கீச்சென்று கத்துகிறது. அந்தப் புண்ணாக்கு வாசனையும் நடுவே வரும் அரை நிமிஷ அமைதியும் நினைவுக்கு வந்தால் மனசு என்னவோ செய்கிறது. எனக்கு அந்த இடம் அவ்வளவு பிடித்திருந்தது என்பதே விட்டு வந்த பிறகுதான் தெரிந்தது.

நான் சொல்ல வந்தது ஒரு சனிக்கிழமையைப் பற்றி. அன்று காலை ஸ்டாக் பார்த்தேன். கடலைப் புண்ணாக்கில் மூன்று மூட்டை குறைந்தது. மறுபடி எண்ணினாலும் மூன்று குறைவுதான். அந்த வாரம் அதில் வெளியே போனது வெள்ளிக்கிழமை மாதவரத்துக்குப் போன ஒரே லோடு, இருநூறு மூட்டை. சுவரில் இருபது கோடு அழியாமல் இருந்தது. ஆக, லாரியில் தவறில்லை. வெள்ளிக்கிழமை குடோனைப் பூட்டிச் சாவியை வைத்திருந்தவன் பாஸ்கர்.

நான் யோசிக்கவே இல்லை. எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "சிலுவை அண்ணன் கணக்கு தப்பாதுன்னு நீதானே சொன்ன? அப்போ எடுத்தது யாரு?"

"யம்மா, பசங்க மேல சத்தியமா நான் தொடல."

"சத்தியம் பண்ணா மூட்டை வந்துருமா?"

முதலாளி டென்னிஸ் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர், ஜெபமாலை வழக்கம் இல்லாத சி.எஸ்.ஐ. சபை. சாயங்காலத்துக்குள் மூட்டை வராவிட்டால் போலீஸில் எழுதிக் கொடுப்பேன் என்றார். திருட்டு என்று ஒரு தடவை பெயர் கெட்டால் இங்கிருந்து எண்ணூர் வரை எந்த குடோனிலும் படியேற விடமாட்டார்கள். பாஸ்கருக்கு அது தெரியும். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு எடைமேடையில் உட்கார்ந்துவிட்டான்.

பதினொரு மணிக்கு சிலுவைமுத்து அண்ணன் வந்தார், கையில் ஸ்வீட் பாக்ஸோடு. அவர் மகள் ஜூடிக்கு விடியற்காலையில் பெண் குழந்தை. வாசலிலேயே யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். பாக்ஸைத் திறக்காமல் நேரே சுவரிடம் போய் அந்தக் கோடுகளைப் பார்த்தபடி நின்றார். பைக்குள் கை மெதுவாக நகர்ந்தது. பிறகு முதலாளி அறைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"மொதலாளி, தப்பு என்னுது. பாஸ்கரு எடுக்கல."

வெள்ளிக்கிழமை லாரி வந்து நின்ற நேரத்தில்தான் ஜூடிக்கு வலி எடுத்துவிட்டது என்று வீட்டிலிருந்து போன் வந்ததாம். வழக்கமாக அவர் எண்ணிக்கைக்காக நேரே பத்து சின்ன மணியிலிருந்துதான் தொடங்குவார். அன்று மனசு கேட்கவில்லை. மாலை நுனியில் தொங்கும் சிலுவையைத் தொட்டு, முழு ஜெபமாலையாக, ஆரம்பத்திலிருந்து சொல்லியிருக்கிறார்.

"பத்துக்கு முன்னாடி மூணு சின்ன மணி கீதுங்க. அந்த மூணுக்கும் மூணு மூட்ட ஏறிடுச்சு. கோட்டுல அது வரல."

முதலாளி மாதவரத்துக்குப் போன் போட்டார். கடைக்காரர் இறக்கிய சரக்கை அதுவரை எண்ணவே இல்லை. அரை மணி நேரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டு, இருநூற்று மூன்று இருக்கிறது என்றார்.

அண்ணன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. இருபத்திரண்டு வருஷப் பெயரை அவரே உடைத்துக்கொண்டார். முதலாளி அதையெல்லாம் யோசிக்கவில்லை. "வேலை நேரத்துல மணி உருட்டுறத இத்தோட விட்டுரும். திங்கக்கிழமையிலேருந்து நீரு வாசல் கேட்டுல நில்லும். செல்வி பேனா வச்சு எண்ணட்டும்" என்றார். அண்ணன் சாக்பீஸை என் கையில் கொடுத்தார். வாங்கவும் கூசியது, வாங்காமல் இருக்கவும் முடியவில்லை.

வெளியே வந்து பாஸ்கர் முன்னால் நின்றார். "மன்னிச்சுக்கடா. என்னாலதான் உன் பேரு கெட்டுச்சு."

பாஸ்கர் எடைமேடையிலிருந்து எழுந்தான். "மன்னிப்பெல்லாம் வோணாம் நைனா. அந்த மூணு மூட்டையையும் என் பேருலதானே எழுதுனாங்க? அத என் பேருலயே சொல்லிடு."

"எது?"

"அந்த மூணு மங்கள வார்த்தை. ஜூடிக்குத்தான் நல்லபடியா பொறந்துட்சே."

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அங்கேயே, லாரியும் ஆட்களும் காத்திருக்க, பைக்குள்ளிருந்த ஜெபமாலையை வெளியே எடுத்தார். அங்கே சேர்ந்த நாளிலிருந்து அதை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். மூன்றையும் நிறுத்தி நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். யாரும் மூட்டையைத் தொடவில்லை.

அவர் முடித்ததும் நான் பாஸ்கர் பக்கம் போனேன். மன்னிப்பு என்கிற வார்த்தை எனக்கு வாயில் வந்ததே இல்லை, அன்றும் வரவில்லை. "அண்ணே, நாலாவதா எனக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றேன்.

பாஸ்கர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டான். "யம்மா, உன் வாய்க்கு ஒண்ணெல்லாம் பத்தாது. நைனா, இவங்களுக்கு முழு மாலையும் சொல்லு."