கொசுவலைக்குள் ஒரு கிராங்க்

அறுபதுகளின் தொடக்கம், தை மாதம், காணும் பொங்கலுக்கு மறுநாள். உத்திரமேரூரைச் சுற்றி எல்லாக் களங்களிலும் நெல் அடித்துக்கொண்டிருந்தார்கள். மோரில் தூசி, தலையணையில் தூசி. அந்த வாரம் பார்த்துத்தான் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், தன் பந்தயக் காரின் இஞ்சினைப் பூட்ட உட்கார்ந்தார்.

மச்சானுக்கு நன்செய் நிலமும், இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு பழைய சீமைக் காரும் இருந்தன. மாசியில் பந்தயம். போன தடவை பாதி ஓட்டத்தில் இஞ்சின் லொடலொடவென்று தட்டி நின்றுவிட்டது. திறந்தால், பிஸ்டன்களின் துள்ளலைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டையும், அதைத் தாங்கும் பேரிங் ஓடுகளையும் மண்துகள் அரித்திருந்தது. ஓடுகளைப் புதிதாக வாங்கினோம். தண்டைச் சென்னையில் கடைந்து கொடுத்தவர், இனி கடைய அதில் இரும்பு இல்லை என்று சொல்லிவிட்டார். இன்னொரு கீறல் விழுந்தால் கார் கோழிக்கூண்டுதான். வேறு தண்டு சீமையிலிருந்து வருவதற்குள் மச்சானுக்குப் பல் விழுந்துவிடும்.

கையில் கிடைத்த மோட்டார் புத்தகமெல்லாம் படித்த கர்வத்தில், "ஒரு தூசிகூட உள்ளே போகக் கூடாது மச்சான்" என்றேன்.

"தூசி இல்லாத எடம் இந்த ஊர்ல எங்க கீது மாப்ளே?"

இருவர் பார்வையும் ஒரே சமயத்தில் என் வீட்டுக் கட்டிலுக்குப் போனது. கொசுவலை!

கட்டிலை வெளியே தள்ளினோம். பலகைமேல் இஞ்சினைக் கவிழ்த்து வைத்து, மேலே வலையைத் தொங்கவிட்டு, சுற்றிலும் என் மனைவியின் புடவைகளை நனைத்துக் கட்டினோம். இடுப்பில் துண்டோடு இரண்டு குடும்பஸ்தர்கள் உள்ளே நுழைந்தோம். ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா, ரெண்டு பேருக்கும் மலேரியாவா?"

தண்டுக்குள் எண்ணெய் ஓடும் துளைகளில் மண்ணெண்ணெய் விட்டுப் பட்டு நூலை இழுத்துத் துடைத்தோம். பருத்தி என்றால் பிசிறு தங்கிவிடும். பட்டுத்தறி ஓடும் எங்கள் பக்கம் பட்டு நூலுக்கா பஞ்சம்? தண்டை ஓடுகளில் படுக்க வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து, பந்தயப் பேச்சு மும்முரத்தில் தண்டைச் சரியாகப் பார்க்காமலே எண்ணெய் ஊற்றி, மேல்மூடிகளை முடுக்கி, மச்சான் தண்டைக் கையால் மெல்லச் சுற்றினார். விளிம்பில் எண்ணெய் கசிந்தது. சிவப்பாக.

"மாப்ளே, ரத்தம்!"

"குங்குமம்ணே" என்றாள் என் மனைவி, வாசற்படியிலிருந்து. "பூஜை போடாம பூட்டிக்கினு இருந்தீங்க. நான்தான் வலைய தூக்கிப் பொட்டு வெச்சேன். விபூதியும் பூசினேன்."

"எங்கேம்மா பூசின?"

"பளபளன்னு கீதே, அங்கதான்."

பேரிங் உட்காரும் இடமெல்லாம் சாம்பல்! மச்சான் தலையில் கை வைத்தார். எனக்குச் சிரிப்பு பீறிட்டது, அவர் முறைத்தார், பிறகு அவரும் தொடங்கிவிட்டார்.

எல்லாவற்றையும் கழற்றினோம். தண்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். எங்கும் தட்டவில்லை. கையால் மெல்லச் சுற்றியதால் பிழைத்தது. பட்டு நூல் முதலில் சிவந்து வந்தது, பிறகு ரோஜா நிறம், கடைசியில் வெள்ளை. இம்முறை சாப்பாடு வலைக்குள்ளேயே வந்தது, ஊட்டிவிட்டவள் அவள்தான்.

மறுபடி பூட்டி இஞ்சினைக் காரில் ஏற்றினோம். எண்ணெய் ஏறுமுன் கிளப்பினாலும் பேரிங் தேயும். எனவே சுற்ற லேசாக இருக்கப் பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியால் சுற்றினோம். நான், மச்சான், மலேரியா விசாரித்தவர், கடைசியில் புடவையைச் செருகிக்கொண்டு என் மனைவி. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் அவள் கையில்தான் அசைந்தது. குதித்த குதியில் மச்சானின் துண்டு அவிழ்ந்தது.

பந்தயத்தில் எத்தனையாவது என்று கேட்காதீர்கள். முழுதும் ஓடியது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி வலையைக் கட்டி, உள்ளே உட்கார்ந்து பேரிங்கைத் திறந்தோம். மச்சான் ஓடு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"ஒரு கீறல் இல்ல பாரும்மா!"

"பின்ன? இந்த வாட்டி பானெட்டு மேல யாரு பொட்டு வெச்சது?"

நாங்கள் சிரித்த சிரிப்பில் வலை அறுந்து எங்கள்மேல் விழுந்தது.