மாடி உயரத்தில் வாசல் வைத்த கோபுரம்

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஜெர்மனியின் பான் நகரில் ரயில் ஏறினோம். கோப்ளென்ஸில் வண்டி மாறி, மோசல் ஆற்றை ஒட்டியே போனால் திரியர். வழியெல்லாம் செங்குத்துச் சரிவில் திராட்சைத் தோட்டங்கள். இதில் மனிதன் எப்படித்தான் ஏறிப் பறிக்கிறானோ! வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு வந்தவன் நான் மட்டும்தான். எதிரே யோகன் அண்ணை ஜன்னல் பக்கமே திரும்பவில்லை.

யாழ்ப்பாணத்துக்காரர், என் அறைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார். மதுரையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த நான் முதல் குளிர்காலத்தில் காய்ச்சலில் கிடந்தபோது, மூன்று வேளையும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த புண்ணியவான். அவர் மகள் ஆரணி திரியரில் வரலாறு படிக்கிறாள். அங்குள்ள பழைய கல்வீடு ஒன்றில், அன்றுதான் முதன்முறையாகப் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டப் போகிறாள்.

"எனக்கு உள்ளுக்க நிக்க ஏலுமோ தெரியாது, தம்பி," என்றார் அண்ணை. சின்ன வயதில், குண்டு விழுந்து மண் மூடிய பங்கருக்குள் ஓர் இரவு முழுக்கக் கிடந்தவர். இன்றுவரை லிஃப்டில்கூட ஏறமாட்டார்.

"அப்ப வெளியவே நில்லுங்கண்ணே. ஆரணி கோவிச்சுக்க மாட்டா."

"அவள் கோவிக்க மாட்டாள். போகாமல் இருக்க எனக்குத்தான் ஏலாது. இதைவிடப் பெரிய டெர்மின் எனக்கு என்ன இருக்கு?" நாள் குறித்த எந்த வேலைக்கும் இங்கே அதுதான் பெயர்.

சந்தைத் திடலிலிருந்து ஐந்து நிமிட நடை. நுழைவு ஆளுக்கு ஆறு யூரோ. அக்கம்பக்கமெல்லாம் மரவீடுகளாக இருந்த காலத்தில் துணிந்து கல்லில் கட்டிய பணக்காரக் குடும்பம், வீட்டோடு சேர்த்துத் தனக்கென்று ஒரு காவல் கோபுரமும் எழுப்பியிருக்கிறது. சுவரின் கனம் மட்டும் ஒரு மீட்டருக்கு மேல். கோபுர வாசல் தரையில் இல்லை, மாடி உயரத்தில் இருக்கிறது. சண்டை என்றால் ஏறிக்கொண்டு ஏணியை உள்ளே இழுத்துவிடுவார்களாம். என்ன சாமர்த்தியம்! இப்போது இரும்புப் படி போட்டிருக்கிறார்கள்.

அண்ணையும் படியேறி உள்ளே வந்துவிட்டார். ஆரணி ஜெர்மனில் வெளுத்து வாங்கினாள். ஒளிந்திருந்தவர்களின் நிலை புரியட்டும் என்று, கதவைக் கொஞ்ச நேரம் சாத்தப்போவதாகச் சொன்னாள். சொன்னவள் அப்பாவைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள்.

"அப்பா, நீங்கள் வெளியில நில்லுங்கோ."

"நான் இங்கயே நிக்கிறன். நீ சாத்து, பிள்ளை."

சாத்தினாள். கும்மிருட்டு. அண்ணையின் கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. பிடியா அது! எலும்பு வலித்தது. ஆரணியின் குரல் மட்டும் தடுமாறாமல் பேசிக்கொண்டே இருந்தது. கதவு திறந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். வியர்வையில் நனைந்த சட்டையோடு அண்ணைதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

திரும்பும் ரயிலில் அண்ணை மெல்லக் கேட்டார்: "தம்பி, இருட்டுக்குள்ள பிள்ளை என்ன சொன்னவள்? எனக்கு ஒரு சொல்லும் கேக்கேல்லை."

என் ஜெர்மன் காய்கறிக் கடையோடு சரி. எனக்குப் புரிந்ததும் பாதிதான். ஆனாலும் சொன்னேன். புரியாத இடங்களில் நானே கதை கட்டி விட்டேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தார். இந்த மனிதருக்குச் செய்ய எனக்கும் ஒன்று கிடைத்ததே என்று மனசு நிறைந்துபோயிற்று.

"நல்லாத்தான் சொல்லியிருக்கிறாள்," என்றார். "இன்னொருக்காச் சொல்லுங்கோ."