முட்டை அட்டை ஒட்டிய சுவர்

அப்பாவுக்கு மெதுவாகப் பேச வராது. வீட்டுக்குள் உட்கார்ந்து உப்பு கேட்டால் பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் பைக்கோடு நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். சாத்தாம் தீவுக்குப் போய்வரும் ஃபெர்ரியில் அவருக்கு எஞ்சின் ரூம் வேலை. அங்கே கத்திக் கத்திப் பழகிவிட்டது என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். நானும் நம்பினேன். கூடவே, அப்பாவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது என்றும் நம்பினேன். எட்டு வயதில், எந்நேரமும் கத்துகிற மனிதரைப் பற்றி வேறென்ன நினைப்பது?

நாங்கள் இருந்தது பாதி வீடு. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு, அந்தப் பக்கம் வீட்டுக்காரர்கள். வீட்டுக்கார அம்மா பெங்காலி. தீதி என்றுதான் கூப்பிடுவோம். அவளுடைய மகள் பிரசவத்துக்கு வந்து, கைக்குழந்தையோடு இருந்தாள். அப்பா வாயைத் திறந்தால் தடுப்புக்கு அந்தப் பக்கம் குழந்தை தூக்கிவாரிப்போட்டு எழுந்து வீரிடும்.

"பையா, தோடா தீரே போலோ," என்று தீதி முதலில் கெஞ்சித்தான் பார்த்தாள். கொஞ்சம் மெதுவாகப் பேசக் கூடாதா என்று. அப்பா சிரித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த நிமிடமே கத்தினார். மாதம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள். ஜெட்டி பக்கத்தில் வேறு வீடு கிடைக்காது. தள்ளிப் போனால் விடியுமுன் கிளம்பும் முதல் ஃபெர்ரிக்கு அப்பா வந்து சேர முடியாது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

அப்போதுதான் மாமா மூக்கை நுழைத்தார். அம்மாவின் தம்பி. காண்ட்ராக்ட் எடுக்கப் போகிறேன் என்று மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வந்து, எதையும் எடுக்காமல் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். சென்னையில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் கொஞ்ச நாள் ஒயர் சுருட்டியிருக்கிறார். அதனால் சத்தத்தைப் பற்றி எல்லாம் தெரியுமாம்.

"இது ஒரு மேட்டரே இல்லக்கா. செவுத்துல முட்டை அட்டைய ஒட்டினா சத்தத்த அப்படியே குடிச்சிரும்."

கடை கடையாக ஏறி அட்டை பொறுக்கினோம். எல்லாவற்றையும் என் தலையில்தான் ஏற்றினார். "க்யா, முர்கி பாலேகா?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார், கோழி வளர்க்கப் போகிறாயா என்று. அட்டைக்குப் பின்னால் நார் வைத்தால் இன்னும் நல்லதாம். அதற்கு என் மெத்தையைக் கிழித்தார். அவர் படுக்கிற மெத்தையைத் தொடவில்லை. மைதா பசை என் பள்ளிக்கூடப் பை வரைக்கும் ஒழுகியது.

தடுப்பு முழுக்க ஒட்டி முடித்ததும் நடுவில் நின்று கைதட்டினார். "பாத்தியா, சத்தம் செத்துப்போச்சு."

உண்மையில் அறைக்குள் சத்தம் அமுங்கித்தான் போயிருந்தது. அப்பா வேலை முடிந்து வந்தார்.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"மச்சான், மெதுவா பேசுங்க. அப்பத்தான் அட்டை வேலை செய்யும்."

"என்ன?"

"மெதுவா!"

"வாய்க்குள்ளயே முணுமுணுக்குற. சத்தமாச் சொல்லேன்டா!"

அவருடைய குரல் அவருக்கே எட்டவில்லை. அதனால் இன்னும் உரக்கக் கத்தினார். முட்டை அட்டை அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். பிளைவுட்டைத் தாண்டிப் போகிற சத்தத்தை அது நிறுத்தாது. அதற்குக் கனமான சுவர் வேண்டும். ஒயர் சுருட்டிய மேதைக்கு இது தெரியவில்லை. குழந்தை முன்பைவிட மோசமாக அலறியது. மழை பிடித்தது. அட்டை ஊறி நாறியது. முட்டை இருந்த குழிக்கெல்லாம் கரப்பான் குடிவந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலறுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தீதி சண்டைக்கே வந்துவிட்டாள். அப்பா வாசலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து டேபிள் ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பையா!" என்றாள். திரும்பவில்லை. இன்னும் கிட்டே வந்து கூப்பிட்டாள். அப்பாவின் தலைக்குப் பின்னாலேயே குழந்தை வீரிட்டுக்கொண்டிருந்தது. அவர் ஒரு ஸ்க்ரூவை எடுத்துத் தூசியை ஊதினார்.

தீதியின் முகத்தில் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

"கிஸி கோ மத் போல்னா, தீதி. ட்யூட்டி சலா ஜாயேகா," என்றாள் அம்மா. யாரிடமும் சொல்லிவிடாதே, வேலை போய்விடும். முட்டை அட்டை ஒட்டியதற்கெல்லாமா வேலையை விட்டு எடுப்பார்கள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

அதன்பிறகு காலி செய்கிற பேச்சே வரவில்லை. தீதி தொட்டிலை வீட்டின் அடுத்த கோடிக்கு மாற்றிக்கொண்டாள். "எப்படி? எல்லாம் அட்டையோட வேலை," என்று மாமா ஜெட்டி முழுக்கப் பீற்றினார். இன்னொரு வீட்டுச் சுவரையும் நாசமாக்கிவிட்டுத்தான் கப்பல் ஏறினார்.

இன்றைக்கு நினைத்தால் மாமாவைவிட வேறு ஆட்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. எதையாவது ஒட்டியிருக்க வேண்டிய இடம் அந்த எஞ்சின் ரூம். அத்தனை வருஷத்தில் காதுக்கு மாட்ட ஒரு மூடி தரவில்லை எவனும். எண்ணெய் துடைக்கிற பஞ்சைச் சுருட்டிக் காதில் அடைத்துக்கொண்டு போனார் மனிதர். நாங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து சுவரில் முட்டை அட்டை ஒட்டிக்கொண்டிருந்தோம்.

மாமா போனதும் அம்மா அத்தனை அட்டையையும் பிய்த்துக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாள். எரிந்தும் எரியாமலும் புகைந்தது. சுவரில் பசைத் தடம்தான் மிச்சம். அப்பா வந்தார். அசதியில் கண்ணை மூடி அந்தத் தடுப்பின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தார். சோறு போடவா என்று அம்மா இரண்டு முறை கேட்டாள்.

"அந்த அட்டைய இன்னுமா பிய்க்கல?" என்றார் கண்ணைத் திறக்காமல். "எல்லாம் எங்கேயோ தூரத்துல கேக்குது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா முதல் தடவையாக என்னோடு விளையாடுகிறார் என்று நினைத்தேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். ஒரு வேடிக்கைக்குச் சிரித்ததற்கா இப்படிக் கிள்ளுவாள் என்ற கோபத்தில் அன்று நான் சாப்பிடவில்லை.