கொஞ்சம் சத்தமாச் சொல்லச் சொல்லு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதம். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் பெரும்போக நெல் வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். கொக்கட்டிச்சோலைக்கு உட்புறமாக இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வீடு வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில். விடியமுதல் எழும்பிச் சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மண்முனைப் பாலம் தாண்டிப் போவேன். வழி நெடுக வெட்டு மிசினும் நெல் மூட்டை ஏற்றிய டிரக்டரும்தான். வைக்கோல் தூசி கண், மூக்கு, சாறி என்று ஓர் இடம் விடாது. பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போதே ஒரு நாள் வேலை முடிந்த களைப்பு வந்துவிடும்.

அந்த வருடம் களைப்பு கொஞ்சம் கூட. மாமி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். அவரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவர வேண்டும். காலைச் சாப்பாடு என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன். இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த டீச்சர்மார் எல்லோருக்கும் இப்படி ஏதோ ஒன்று இருக்கும்.

உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் ஆறேழு பேர்தான். அவர்களுக்குக் கடைசிப் பாடவேளை, தகரக் கூரை போட்ட ஒரு வகுப்பறை. அப்போது வாசித்துக்கொண்டிருந்தது ஒரு பழைய அமெரிக்க நாவல். அந்த நாட்டில் பொருளாதாரம் விழுந்து, வேலை என்பதே இல்லாமல் போன காலத்தில், படுக்கையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பண்ணை பண்ணையாகக் கூலிவேலை தேடி அலைந்தவர்களைப் பற்றியது. என்றாவது ஒரு நாள் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கி, முயல் வளர்த்து வாழ்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஆசை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இப்படியான புத்தகத்தைத் தொடங்குவதென்றால் உலகப் படம், பழைய புகைப்படங்கள் எல்லாம் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டி ஓர் ஆர்ப்பாட்டமே செய்வேன். அந்த வருடம் ஒன்றும் இல்லை. கதிரையில் இருந்தபடியே ஒரு பந்தியை ஆங்கிலத்தில் வாசிப்பேன். பிறகு அதைத் தமிழில் கதையாகச் சொல்வேன். கூலியாட்கள் படுக்கும் நீண்ட கொட்டிலை விளங்கப்படுத்தச் சொல் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பையன், “நம்மட வாடிதானே டீச்சர்” என்றான். வயலில் காவலுக்கும் வேலைக்கும் நிற்கிறவர்கள் படுக்கும் கொட்டிலை எங்கள் பக்கம் வாடி என்றுதான் சொல்வோம். அன்றிலிருந்து அமெரிக்காக்காரனும் வாடியில்தான் படுத்தான்.

ஜன்னல் ஓரமாக ஒரு பிள்ளை இருப்பாள். மற்றப் பாடங்களில் வாயே திறக்காதவள் என்று கேள்வி. என் பாடத்தில் மட்டும் இடையிடையே எழும்பி ஏதாவது கேட்பாள், அதுவும் பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாமல். “டீச்சர், அவங்களுக்குச் சாப்பாடு முதலாளி சாப்பிட்ட பிறகா?” என்பாள். ஒரு நாள், “அவங்கட பாஸ்போட்ட ஆரு டீச்சர் வச்சிருந்த?” என்று கேட்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

“சொந்த நாட்டுக்குள்ள வேலை செய்றவனுக்கு என்னத்துக்குப் பிள்ள பாஸ்போட்?” என்றேன். நானும் சிரித்திருப்பேன்.

இன்னொரு நாள், “அவங்க படுக்கிற வாடிக்கு உள்ளால பூட்டு இருந்ததா டீச்சர்?” என்றாள். அன்று எனக்குத் தலையிடி. “அது பரீட்சைக்கு வராது, இருங்க” என்றேன். அவள் இருந்துவிட்டாள்.

சரியாக அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ தெரியாது, கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது அவளுடைய கொம்பாஸ் பெட்டிக்குப் பின்னால் ஒரு போன் சாய்த்து வைத்திருப்பதைக் கண்டேன். எடுத்துப் பார்த்தால் என் குரல் பதிவாகிக்கொண்டிருக்கிறது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. வேறொரு பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் பிள்ளைகளுக்கு ஏசியதை யாரோ இப்படிப் பதிந்து பேஸ்புக்கில் போட்டு, அவர் பட்ட பாடு எங்கள் எல்லோருக்கும் தெரியும். போனைப் பறித்துக்கொண்டு ஆசிரியர் ஓய்வறைக்குப் போய்விட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் போன் பிடிபட்டால் அது அதிபரின் அலுமாரிக்குள் போகும். தாயோ தகப்பனோ நேரில் வந்து கையெழுத்து வைத்தால்தான் திரும்பி வரும். அதிபர் அதில் கண்டிப்பானவர்.

அவள் எனக்குப் பின்னாலேயே வந்து கதவடியில் நின்றாள். அழவில்லை. அது என் கோபத்தை இன்னும் கூட்டியது.

“நாளைக்கு அம்மாவக் கூட்டிட்டு வாங்க” என்றேன்.

“அம்மா குவைத்ல டீச்சர்.”

“அப்ப அப்பா வரட்டும்.”

“அப்பா வெட்டு மிசினோட பொலநறுவைக்குப் போயிட்டார். நான் பெரியம்மாட வீட்ட இருக்கன்.” என் கையில் இருந்த போனைப் பார்த்துச் சொன்னாள்: “அந்தப் போன் இல்லாட்டி அம்மாக்கு என்னோட கதைக்க ஏலா டீச்சர். வேற வழி இல்ல.”

“அது தெரிஞ்சும் என்ட குரலை ஏன் களவாப் பிடிச்ச?”

“அம்மாக்குத்தான் டீச்சர். அவ கதை கேக்கிறவ.”

நான் நம்பவில்லை. எத்தனை கதை கேட்டிருப்பேன் இருபது வருடத்தில்! “எங்க, போட்டுக் காட்டுங்க பாப்பம்” என்றேன். அவள் போனை வாங்கி, தாய்க்கு அனுப்பிய பதிவுகளில் ஒன்றை அழுத்தினாள்.

முதலில் வந்தது என் குரல். சத்தியமாகச் சொல்கிறேன், யாருடைய குரல் என்று எனக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. சுரத்தே இல்லை. வசனத்தைத் தொடங்குகிறேன், முடிவு வாய்க்குள்ளேயே போய்விடுகிறது. நடுவில் ஒரு கொட்டாவி. “விளங்கிச்சா? சரி, அடுத்தது” என்கிறேன், யாரும் பதில் சொல்லுமுன்பே. இதையா இந்தப் பிள்ளைகள் தினமும் கேட்டுக்கொண்டு இருந்தார்கள் என்று வெட்கமாகப் போனது.

அதற்குக் கீழே தாய் அனுப்பிய பதில்கள் இருந்தன. அவள் ஒவ்வொன்றாகப் போட்டாள். எல்லாவற்றிலும் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம், பாத்திரம் முட்டும் சத்தம். குசினியில் நிற்கும் நேரத்தில் மட்டும்தான் அந்த வீட்டு மெடம் போனைக் கையில் கொடுப்பாவாம். பாத்திரம் கழுவிக்கொண்டேதான் தாய் என் பாடத்தைக் கேட்டிருக்கிறார்.

“மகள், அந்த ஆக்களுக்குச் சாப்பாடு எப்ப எண்டு கேள். முதலாளி சாப்பிட்ட பிறகோ?” என்றது அந்தக் குரல். அடுத்ததில் பாஸ்போட். அதற்கடுத்ததில், “அவங்க படுக்கிற வாடிக்கு உள்ளால பூட்டு இருந்ததா எண்டு டீச்சர்ட்டக் கேள் மகள். சும்மாதான், அறியிறதுக்கு.”

பரீட்சைக்கு வராது என்று நான் சொன்ன கேள்வி அது.

கடைசியாக ஒன்று இருந்தது. அதைப் போட அவள் தயங்கினாள். நான்தான் போடச் சொன்னேன்.

“டீச்சர் பாவம் மகள். நல்லாக் களைச்சுப் போய்ப் படிப்பிக்கிறா. காலைல சாப்பிட்டுட்டு வாறாவோ தெரியா. கொஞ்சம் சத்தமாச் சொல்லச் சொல்லு, தண்ணிச் சத்தத்தில ஒண்டும் கேக்குதில்ல. இல்ல மகள், வேணாம், கேக்காத. ஏசிப்போடுவா.”

அன்றும் நான் சாப்பிட்டிருக்கவில்லை. வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ அதை ஒருவரும் கேட்டதில்லை. கடல் கடந்து, யாருடையதோ குசினியில் நின்றுகொண்டு, முகம் தெரியாத ஒரு பெண் கேட்டிருக்கிறார். நான் அந்தப் பிள்ளைக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன். அவள்தான் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் என் தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினாள்.

கொஞ்சம் தேறிய பிறகு கேட்டேன்: “அம்மா படுக்கிற அறைக்குப் பூட்டு இருக்கா?”

“இப்ப இருக்காம் டீச்சர். முதல் வீட்டில இல்ல” என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

போனை எடுத்துக்கொண்டு அதிபரிடம் போனேன். விஷயத்தை முழுவதும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “டீச்சர், கண்ணாடி இல்லாட்டி எனக்கு ஒண்டும் தெரியாது. என்ட கண்ணுக்கு ஒரு போனும் படல்ல. நீங்க வகுப்புக்குப் போங்க” என்றார். கண்டிப்பான மனிதரிடம் அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த பாடத்துக்கு, அவளிடம் கேட்டு அவள் தலையாட்டிய பிறகு, வகுப்புக்கு விஷயத்தைச் சொல்லி, போனை நானே என் மேசையில் வைத்தேன். பாஸ்போட் கேள்விக்கு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்த பையன் எழும்பிப் போய், டிரக்டர் சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்தினான். தகரக் கூரைக்குக் கீழே வெந்துபோனோம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

முதலில் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். பாஸ்போட் இல்லை, ஆனால் செய்த வேலையின் சம்பளம் மாத முடிவு வரை முதலாளியின் கையில், அதனால் நினைத்த நேரம் கிளம்பிப் போக முடியாது என்றேன். வாடிக்கு உள்ளால் பூட்டு இல்லை, முதலாளி வீட்டு ஆட்கள் யாரும் எந்த நேரமும் உள்ளே வரலாம் என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது, அந்தக் கதையில் வருகிற பயமெல்லாம் அந்தப் பூட்டில்லாத கதவால்தான் உள்ளே வருகிறது என்று. எத்தனையோ வருடம் படிப்பித்த புத்தகம். என் கண்ணில் அது பட்டதே இல்லை.

ஆனால் புத்தகம் முடிய வேண்டுமே. கடைசி அத்தியாயம் கிட்ட வந்ததும் அவள் என்னிடம் வந்தாள்.

“முடிவு நல்லமா டீச்சர்?”

“இல்ல பிள்ள.”

“அந்தத் துண்டு நிலம்?”

“கிடைக்காது.”

அவளுடைய முகம் வாடிவிட்டது. தாய் போனதே பழுகாமத்துப் பக்கம் இருக்கிற ஒரு துண்டு வளவில் கிணறு வெட்டி, ஒரு கல்வீடு கட்டத்தான். “அம்மாக்கு மட்டும் வேற மாதிரிச் சொல்லுவமா டீச்சர்?” என்று கேட்டாள்.

அன்று வீட்டுக்குப் போகும்போது பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு யோசித்தேன். மாற்றிச் சொல்வது பெரிய காரியமில்லை. நிலம் கிடைத்தது, வேலி போட்டார்கள், முயல் வளர்த்தார்கள் என்று ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். பாவம், சந்தோஷப்பட்டுப் போகட்டும் என்றும் தோன்றியது. ஆனால் உள்ளால பூட்டு இருந்ததா என்று கேட்ட ஒரு மனுஷிக்கு நான் பொய் சொல்ல முடியாது என்று பட்டது. பொய்யை உடனே பிடித்தும்விடுவார்.

உள்ளதை உள்ளபடி சொன்னேன். கதிரையில் இருக்கவில்லை, நின்றுகொண்டு, கடைசி வரிசை வாங்குக்கு மட்டுமில்லை, அந்தக் குசினிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். முடித்தபோது ஒரு பிள்ளை மேசையில் தலையைக் கவிழ்த்திருந்தது.

பிறகு பதிலே இல்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு கிழமை. அவள் தினமும் காலையில் என்னைப் பார்த்து இல்லை என்று தலையாட்டுவாள். நான் செய்தது பிழையோ என்று பயந்து போனேன். மாமியைக் குளிப்பாட்டும்போதும் அதே நினைவுதான். பிறகு ஒரு நாள் ஸ்கூட்டியை நிறுத்தும் இடத்துக்கே ஓடிவந்தாள். ஹெல்மட்டைக் கழற்றக்கூட விடவில்லை, போனை என் காதருகில் பிடித்தாள்.

“மகள், வீட்டுக்கு ஆக்கள் வந்து நிண்டதால போன் தரல்ல. முடிவு கேட்டன். நான் முதலே நினைச்சன், அவங்களுக்கு அது கிடைக்காது எண்டு. அழுதன்தான், என்ன செய்யிற. நம்மட வளவு கிடக்குத்தானே, அது எங்கயும் போகாது. டீச்சர்ட்ட ஒண்டு மட்டும் கேள். கரைச்சல் இல்லாட்டி முதல்ல இருந்து இன்னொருக்காச் சொல்லுவாவா? இப்ப நல்லாக் கேக்குது. முதல் பாடமெல்லாம் எனக்குக் கேக்கவே இல்ல.”

சொன்னேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு, வெறும் வகுப்பறையில், அவளையும் போனையும் முன்னால் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து திரும்பச் சொன்னேன். மற்றப் பிள்ளைகளும் போகாமல் இருந்துவிட்டார்கள்.

அவள் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விட்டாள். தாய் இன்னும் அங்கேதான், கிணறு மட்டும் வெட்டியாகிவிட்டது என்று கேள்வி. அவருடைய முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. எனக்குக் களைப்பு குறைந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. ஆனால் கடைசிப் பாடவேளையில் குரல் தன்பாட்டில் இறங்கத் தொடங்கும்போதெல்லாம், எங்கோ ஒரு குசினியில் ஒருவர் ஈரக் கையோடு குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்துக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்வேன், கதிரையை விட்டு எழும்பிவிடுவேன்.