செபமாலை மணிக்குப் பின்னால் சூரியன்

அத்தான் வீட்டு முன்னறையில், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில், அந்தப் படம் இன்றும் தொங்குகிறது. தேங்காயளவுக்குப் பெருத்த ஒரு செபமாலை மணி. அதன் விளிம்பில் மறையும் சூரியனின் ஒளி. மணியை ஒட்டி ஒரு பெருவிரல் நகம். மீதியெல்லாம் கறுப்பு. பின்புறம் திகதி இல்லை, பெயர் இல்லை. வீட்டுப் படங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் திகதி எழுதிவைக்கிற எனக்கு, எடுத்தவரை அளந்துகொள்ள அதுவே போதும்.

அக்காவின் கணவரான அவர் மன்னாரில் ஒரு கந்தோரில் கோப்புகள் எழுதும் எழுதுவினைஞர். தலைமன்னாரிலிருந்து கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், யாரோ கொண்டுவந்த கமராவையும், பொருட்களை மிக அருகில் எடுக்க உதவும் ஒரு கண்ணாடியையும் வாங்கினார். அன்றோடு எங்கள் குடும்பப் படங்களில் முகங்கள் முடிந்தன. நண்டின் கண், தும்பியின் சிறகு, பனங்கருக்கின் பல் எல்லாம் அந்திச் சூரியனுக்கு எதிரே நின்று படமாயின. சொந்த மகள் கோயிலில் முதல்நன்மை வாங்கிய நாளில் அவர் எடுத்தது அவளுடைய முக்காட்டின் ஓரத்து நூலை. "முகம் எடுக்க ஸ்டூடியோக்காரன் இருக்கிறான்தானே. நான் செய்யிறது பரிசோதனை" என்பார். பெரும்பாலானவை வெறும் கறுப்பாக வந்தன. அதற்கும் பரிசோதனை என்றே பெயர்.

தோட்டவெளிக் கிராமத்தில் எங்கள் சின்னம்மா இறந்தபோது அவருடைய ஒரே மகன் குவைத்தில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் படமெடுத்து வைக்கும்படி தந்தி அடித்திருந்தான். அவனிடம் வேறு படம் இல்லை. பெட்டி மூடுமுன் குடும்பத்தார் சுற்றி நின்று ஒரு படம் எடுப்பது எங்கள் வழக்கம். தூரத்தில் இருப்பவர்களுக்கு அதுதான் கடைசிப் பார்வை. ஸ்டூடியோக்காரரை அழைக்கப் போனவர்களை அத்தான் மறித்தார். "நான் இருக்க வெளியாள் ஏன்?"

சேமக்காலையில் குழியோரம் பெட்டியை இறக்கிவைத்ததும், அதை மேற்கு நோக்கித் திருப்பச் சொன்னார். சின்னம்மாவின் கணவர், கடல் வெளிச்சத்திலேயே கிழவரானவர், மெதுவாகச் சொன்னார்: "மருமகன், வெயில் உங்கட முதுகிலை படவேணும். பெடியன் முகத்தைப் பாக்கவேணும்."

"உங்களுக்கு விளங்காது மாமா. பொறுங்கோ, சூரியன் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்."

எல்லாரும் பொறுத்தோம். செபம் சொல்லக் காத்திருந்த சுவாமி இருமினார். அத்தான் முழங்காலிட்டு, பிணத்தின் செபமாலை சுற்றிய கைக்குள் கமராவை நுழைக்காத குறையாகக் குனிந்திருந்தார். "செத்தது சின்னம்மாவோ, சூரியனோ?" என்று பின்னால் நின்ற மச்சான் கேட்க, யாரோ சிரிப்பை வாயில் பொத்திய லேஞ்சிக்குள் அடக்கினார்கள். ஒருவழியாக அவர் எழுந்து, "இப்ப குடும்பப் படம்" என்று எங்களை நெருங்கி நிற்கச் சொன்னபோது, கமராவில் ரோல் முடிந்திருந்தது. பெட்டியை மூடினார்கள்.

அடுத்த லீவில் மகன் வந்தான். கண்ணாடி போட்ட படத்தை அத்தான் பரிசு வழங்குபவரைப் போல நீட்டினார். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இதிலை அம்மா எங்கை?"

"இஞ்சை, இந்த நகம். ஒளி எப்பிடி ஏறியிருக்குது பார்!"

நகத்தின் நடுவே ஒரு வெடிப்பு. கருவாட்டுக்கு மீன் கீறும்போது சின்னம்மாவுக்குக் கத்தி இறங்கிய இடம் அது. அவன் அதன்மேல் விரலை வைத்தான். "ஓம். அம்மாதான்" என்றான். பிறகு படத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். அதைத் தன்னோடு கொண்டுபோகவில்லை. அதனால்தான் அது இந்தச் சுவருக்கு வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, புதிதாக வந்த ஒருவரை அத்தான் படத்தின் முன் நிறுத்தியிருந்தார். "பெத்த மகன், இந்த நகத்தைப் பாத்தே தாயை மட்டுக்கட்டினவன். அவ்வளவு துல்லியம்!"

வந்தவர் வியந்து தலையாட்டினார். தாய் யார் என்று அவர் கேட்கவில்லை. அத்தானும் சொல்லவில்லை.